முகமுகமாய்ப் பார்ப்போமா? டீச்சரிடம் கேளுங்கள்

கடந்த இதழில் மலைப்பிரசங்கத்தின் ஆறாவது பாக்கியவசனம் பற்றி இரண்டே பத்திதான் எழுதினேன்: "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்." சுத்தத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் தரிசிப்பதைப் பற்றித்தான். திருச்சபை வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவளிடம் கேட்டால் பதிலில் ஆண்டுக்கணக்கு கொஞ்சம் வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், என் அப்பா சமீபத்தில் இறந்தார். அடக்க ஆராதனையில் போதகர், "இந்த நிமிஷம் அவர் தேவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றார். கல்லறையில் ஜெபித்த இன்னொரு ஊழியர், "உயிர்த்தெழுதலின் நாள்வரை உறங்குகிறார், அன்றைக்குத்தான் பார்ப்பார்" என்றார். எது உண்மை என்று அம்மா கேட்கிறார். நான் என்ன சொல்ல?
(ஒரு மூத்த மகள்)

பதில்: உங்கள் அம்மாவின் கேள்வி ஒரு போப்பாண்டவரையே மரணப்படுக்கைவரை விடாமல் துரத்தியது, மகளே.

1331 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். அந்தக் காலத்தில் போப்புகள் ரோமில் இல்லை. இன்றைய பிரான்சின் தெற்கே அவிஞோன் நகரில் இருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய 22ஆம் யோவான் அன்று பிரசங்கம் செய்தார். இறந்துபோன பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள் இப்போது பலிபீடத்தின் கீழே இளைப்பாறுகின்றன, கிறிஸ்துவின் மனித உருவை நோக்கியபடி ஆறுதலோடு இருக்கின்றன, ஆனால் கடவுளை நேருக்கு நேர் காண்பது கடைசி நியாயத்தீர்ப்புக்குப் பிறகுதான் என்றார். பலிபீடத்தின் கீழே என்பது வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரம். கருத்தும் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. அதே திருநாளுக்காக 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோவின் பெர்னார்ட் செய்த பிரசங்கங்களில் அது இருக்கிறது. போப் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த சில வாரங்களில் மறுபடியும் பிரசங்கித்தார்.

பற்றிக்கொண்டது. ஏற்கெனவே அவரோடு மோதிவிட்டு, அவருடைய அரசியல் எதிரியான பவேரியாவின் லுட்விக்கிடம் தஞ்சம் புகுந்திருந்த பிரான்சிஸ்கன் துறவிகள், ஒக்காமின் வில்லியம் உட்பட, "போப்பே தப்பறை போதிக்கிறார்" என்று பிடித்துக்கொண்டார்கள். அவிஞோனிலேயே எதிர்த்துப் பிரசங்கித்த தாமஸ் வேலிஸ் என்ற ஆங்கிலேய டொமினிக்கன் துறவி சிறைக்குப் போனார். 1333 டிசம்பரில் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப், பாரிஸ் இறையியலாளர்களை வேன்சென்னில் கூட்டிக் கருத்துக் கேட்டார். மரணத்துக்குப் பின் பாவக்கறை நீங்கிச் சுத்திகரிக்கப்பட்ட ஆத்துமாக்கள் இப்போதே காண்கின்றன என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். போப்போ, இது என் சொந்தக் கருத்து, சபையின் போதனையாக விதிக்கவில்லை, விவாதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜாவும் பல்கலைக்கழகமும் இதற்கு ஏன் இவ்வளவு கொதிக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். பரிசுத்தவான்களே இன்னும் கடவுளைக் காணவில்லை என்றால், எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் மன்றாடுகிற ஜனங்கள் யாரை நம்பி மன்றாடுவது? புத்தகத்தில் கிடைக்கிற பதில் அது. எனக்கென்னவோ அதைவிட எளிய காரணம் ஒன்று இருந்தது என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல்லறை இருந்தது.

1334 டிசம்பர் 3 அன்று, சாகும் தறுவாயில், கர்தினால்மாரை வரவழைத்து யோவான் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். உடலைப் பிரிந்து சுத்திகரிக்கப்பட்ட ஆத்துமாக்கள் பரலோகத்தில் கடவுளை முகமுகமாய்த் தெளிவாகக் காண்கின்றன என்று அறிக்கை செய்துவிட்டு, ஒரு சிறிய நிபந்தனையைச் சேர்த்தார்: உடலைப் பிரிந்த ஆத்துமாவின் நிலை எவ்வளவுக்கு இடம்கொடுக்குமோ அவ்வளவுக்கு. மறுநாள் இறந்துபோனார். அந்தக் கடைசித் துணுக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். முழுதாக விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பிடிவாதம் பிடிக்கவும் நேரமில்லை.

அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29 அன்று ஓர் ஆணை வெளியிட்டு விவாதத்தை மூடினார். சுத்திகரிப்பு தேவையில்லாதவர்களும் அது முடிந்தவர்களும், பொதுத் தீர்ப்புக்கு முன்னரே, இடையில் எந்தப் படைப்பும் நிற்காமல், தெய்வ சாராம்சத்தை, அதாவது கடவுள் தம்மில் எதுவோ அதையே, நேராக, முகமுகமாய்க் காண்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை இன்றுவரை அதுதான்.

இனி நம் சீர்திருத்தச் சபைகளின் பக்கத்துக்கு வருகிறேன். சீர்திருத்த காலத்தில் இதே சண்டை வேறு உடையில் திரும்ப வந்தது. லூத்தர் மரணத்தைத் தூக்கம் என்று அடிக்கடி பேசினார். கால்வின், ஆத்துமா தூங்குவதில்லை என்று வாதாடவே இளம் வயதில் ஒரு நூல் எழுதினார். 1534இல் எழுதி 1542இல் அச்சானது. 1646இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நீதிமான்களின் ஆத்துமாக்கள் உன்னத பரலோகத்தில் ஒளியிலும் மகிமையிலும் தேவனுடைய முகத்தைப் பார்த்தபடி, தங்கள் சரீரங்களின் முழு மீட்புக்காகக் காத்திருக்கின்றன என்கிறது. அட்வென்டிஸ்ட் சபையார் இதற்கு நேர்மாறு: உயிர்த்தெழுதல்வரை உணர்வற்ற உறக்கம். ஆகையால் உங்கள் அப்பாவின் அடக்கத்தில் பேசிய இருவருமே எதையும் சொந்தமாக இட்டுக்கட்டவில்லை. அவரவர் கற்ற மரபிலிருந்துதான் பேசினார்கள். ஒரே கல்லறையில் இரண்டையும் பேசாமல் முன்கூட்டியே கலந்து பேசியிருக்கலாம், அதுதான் என் குறை.

அம்மாவுக்கு 1336 எதற்கு? என் கணவரை அடக்கம் செய்த நாளில், இத்தனையும் பாடமாக நடத்திய எனக்கே ஓர் ஆண்டுகூட நினைவில் நிற்கவில்லை. நின்றது லூக்கா 23:43 மட்டும். பக்கத்துச் சிலுவையில் தொங்கியவன், "உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்று எப்போதோ வரப்போகும் நாளுக்காகக் கேட்கிறான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வருகிறது. அங்கே என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று சொல்லப்படவில்லை. யாருடன் என்பது சொல்லப்பட்டிருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மாவுக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கேள்வி: "ஒரு மனுஷனும் என்னைக் கண்டு உயிரோடிருக்கக்கூடாது" என்று மோசேயிடம் சொன்ன அதே கடவுளைத் தரிசிப்பார்கள் என்று இயேசு சொல்கிறார். முரண்பாடுதானே?
(ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, முரண்பாட்டைத் தேடி மத்தேயுவரை ஏன் நடக்கிறீர்கள்? யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. 11ஆம் வசனத்தில், ஒருவன் தன் சிநேகிதனோடே பேசுவதுபோல, கர்த்தர் மோசேயோடே முகமுகமாய்ப் பேசினார். 20ஆம் வசனத்தில், "நீ என் முகத்தைக் காணமாட்டாய்." எழுதியவருக்குத் தெரியாமலா இரண்டும் ஒரே அதிகாரத்தில் வந்தன? நெருக்கமும் உண்டு, எட்டாமையும் உண்டு. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க அவர் விரும்பவில்லை.

கடவுளைக் கண்டதாக வேதாகமம் சொல்கிற இடங்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். யாத்திராகமம் 24இல் மோசேயும் ஆரோனும் எழுபது மூப்பரும் இஸ்ரவேலின் தேவனைக் கண்டார்கள். என்ன கண்டார்கள்? பாதத்தின்கீழே நீலக்கல் தளம். அத்தோடு வர்ணனை முடிந்தது. பிறகு சாப்பிட்டார்கள், குடித்தார்கள். உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் ஏசாயா கண்டது சிங்காசனமும், தேவாலயத்தை நிறைத்த வஸ்திரத்தின் தொங்கலும். அங்கே நிற்கும் சேராபீன்களே இரண்டு செட்டைகளால் முகத்தை மூடிக்கொள்கின்றன. எசேக்கியேல் ஒரு முழு அதிகாரம் வர்ணித்துவிட்டு, கடைசியில் தாம் கண்டதை மகிமை என்றுகூடச் சொல்லத் துணியாமல், மகிமையின் சாயல் என்கிறார். மோசேக்குக் கிடைத்தது கன்மலை வெடிப்பும், மூடிய கையும், பின்பக்கமும். பாதம், தொங்கல், முதுகு. ஓரங்களை எழுதியிருக்கிறார்கள், முகத்தை ஒருவரும் எழுதவில்லை. இதைத்தான் சுவிசேஷகர் யோவான், "தேவனை ஒருவனும் ஒருக்காலுங் கண்டதில்லை" என்று ஒரே அடியில் சொல்லிவிட்டு, குமாரன் அவரை வெளிப்படுத்தினார் என்று தொடர்கிறார்.

"உயிரோடிருக்கக்கூடாது" என்பதை வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் எடுத்த விதம் எனக்குப் பிடிக்கும். 413 வாக்கில் பவுலீனா என்ற பெண், கடவுளைக் கண்ணால் காண முடியுமா என்று அவரிடம் கேட்டிருந்தார். பதிலாகப் போன கடிதம் ஒரு சிறு புத்தகம் அளவு நீளும். (இந்தப் பத்தியின் ஆசிரியர் அவ்வளவு இடம் எனக்குத் தருவதில்லை.) கடவுளைக் காண்பவன் இந்த வாழ்வை வாழ முடியாது, அவ்வளவுதான் அந்த வசனம், இந்த வாழ்விலிருந்து ஒருவிதத்தில் இறந்தே தீர வேண்டும் என்கிறார். அதே கடிதத்தில் தம் குரு அம்புரோசைத் துணைக்கு அழைத்து இன்னொன்றும் சொல்கிறார்: ஒரு மலையைப் பார்ப்பதுபோலக் கடவுளைப் பார்க்க முடியாது. மலை உன்னைக் கேட்காமலே உன் கண்ணில் படும். கடவுள் தாம் காட்ட விரும்பினால் மட்டுமே காணப்படுவார். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மோசேக்கு ஏன் மறுக்கப்பட்டது, மலைப்பிரசங்கத்தில் ஏன் வாக்களிக்கப்பட்டது என்பது பெரிய சிக்கலாக இராது. பார்க்கிறவனின் சாமர்த்தியம் எங்குமே பேச்சில் இல்லை.

கேள்வி: நான் பிறவியிலேயே பார்வையற்றவன். இதை என் மகள் எழுதித் தருகிறாள். "பார்ப்போம், பார்ப்போம்" என்று நீங்கள் எழுதும்போது நான் எதைக் கற்பனை செய்துகொள்வது?
(ஒரு வாசகர்)

பதில்: ஐயா, இந்த மாதம் வந்ததிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையது. இதற்கு நேராகப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த திதிமு. ஏறக்குறைய நான்கு வயதில் பார்வை போயிற்று. கேட்டுக் கேட்டே கற்று, அந்த நகரத்தின் பெரிய வேத ஆசிரியரானார். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமு அவரிடம் படித்தவர். பாலைவனத் துறவி அந்தோணியார் ஒருமுறை அவரைச் சந்தித்து, பார்வையில்லாதது உமக்கு வருத்தமா என்று கேட்டாராம். திதிமு பதில் சொல்லக் கூச்சப்பட்டார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, ஆம், வருத்தம்தான் என்றார். ஈக்கும் எறும்புக்கும்கூட இருக்கிற கண்ணுக்காக ஏன் வருந்துகிறீர், தூதர்களுக்கு உள்ள கண் உமக்கு இருக்கிறதே என்பது அந்தோணியாரின் பதில். பிரசங்கங்களில் அந்தப் பதிலைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட, வருத்தம்தான் என்று ஒப்புக்கொண்ட அந்தப் பண்டிதரைப் பிடிக்கும். ஞானக்கண் இருக்கிறதென்று சொல்லி உங்கள் வருத்தத்தை யாரும் வாயடைக்க வேண்டியதில்லை.

இப்போது கேள்விக்கு. "கடவுளின் நகரம்" என்ற பெரிய நூலின் கடைசிப் புத்தகத்தில் அகஸ்டின் இதே இடத்தில்தான் தடுமாறி நிற்கிறார். உயிர்த்தெழுந்த உடலின் கண்கள் கடவுளைக் காணுமா? காணும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பரலோகத்தில் ஒருவர் கண்ணை மூடினால் கடவுள் மறைந்துவிடுவாரா? அப்படிச் சொல்வது அபத்தம், கண் மூடியிருந்தாலும் ஆவியினால் கண்டுகொண்டேதான் இருப்பார்கள் என்கிறார். எலிசா தீர்க்கதரிசியைச் சான்றுக்கு அழைக்கிறார். வேலைக்காரன் கேயாசி தொலைவில் நாகமானிடம் கைநீட்டி வாங்கியதை எலிசா வீட்டிலிருந்தபடியே கண்டாரே, எந்தக் கண்ணால்? 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் கறாராகச் சொல்லிவிட்டார்: கடவுளின் சாராம்சத்தை உடலின் கண் காணவே முடியாது, உயிர்த்தெழுந்த கண்ணுக்கும் அது முடியாது, ஏனென்றால் கடவுள் உடலில்லாதவர். மனம்தான் காண்கிறது. அதுவும் தன் பலத்தால் அல்ல, கடவுள் தருகிற ஒளியால். "உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்" என்ற சங்கீத வரிதான் அவருக்கு ஆதாரம்.

அதனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்களும் நானும் சரிசமம். என் கண்கள் எனக்கு ஒரு படி முன்னால் இடம் பிடித்துத் தரப் போவதில்லை. சொல்லப்போனால் என் கற்பனை முழுக்கச் சிங்காசனமும் தாடியும் ஓவியங்களுமாக நிறைந்து கிடக்கிறது. அதையெல்லாம் முதலில் இறக்கி வைக்க வேண்டும். உங்களுக்கு அந்த வேலை மிச்சம்.

கற்பனைக்கு ஏதாவது வேண்டுமென்றால் யோவான் ஒன்பதை மகளிடம் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிறவிக் குருடன் இயேசுவை முதலில் அறிந்தது குரலாக, கண்ணில் பூசிய சேறாக. சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை வந்தபோது இயேசு அங்கே இல்லை. அண்டை வீட்டார், பரிசேயர், தாய்தகப்பன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. சாட்சி சொல்லி, வெளியே தள்ளவும்பட்டாயிற்று. அதுவரை தன்னைச் சுகமாக்கினவரை அவன் பார்க்கவே இல்லை. அதன்பிறகு இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடித்து, "நீ அவரைக் கண்டிருக்கிறாய், உன்னுடனே பேசுகிறவர் அவர்தான்" என்கிறார். பழகிய குரலுக்கு முகம் கடைசியில் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரம், "அவருடைய சமுகத்தைத் தரிசிப்பார்கள்" என்று வாக்களிப்பதை நான் இந்தக் கதையோடு சேர்த்துத்தான் வாசிப்பது வழக்கம்.

கேள்வி: நித்திய காலமும் கடவுளையே பார்த்துக்கொண்டிருந்தால் சலிக்காதா?
(பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: சலிக்கும் என்று ஒரு பெரிய மேதையே நினைத்திருக்கிறார், கண்ணு. 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன். ஆதியில் ஆத்துமாக்கள் எல்லாம் கடவுளையே நோக்கியிருந்தன, ஒரு கட்டத்தில் தெவிட்டிப்போய்த் திரும்பிக்கொண்டன, அப்படித்தான் வீழ்ச்சி வந்தது என்பது அவருடைய ஊகம். திருச்சபை அதை ஏற்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகையில் அதைத் தலைகீழாக்கினார். தெவிட்டுவது எல்லையுள்ள பொருள்தான், தின்று முடித்துவிடலாம். கடவுளுக்கு எல்லை இல்லை. அதனால் அவரைக் காண்பது என்பதே, காணும் ஆசை ஒருபோதும் அடங்காமலிருப்பதுதான் என்றார். மோசே பின்பக்கத்தைக் கண்டதற்கு அவர் தரும் விளக்கம் அழகு. ஒருவரின் முதுகு யாருக்குத் தெரியும்? பின்னால் நடப்பவனுக்கு. கடவுளைக் காண்பது அவரைப் பின்தொடர்வது.

அக்குவினாஸ் இதையே பள்ளிக்கூடத்து வழியில் சொல்கிறார். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பது வாத்தியார் சொன்னதால் உனக்குத் தெரியும். நிரூபணத்தோடு அறிந்தவனுக்கும் அதே உண்மைதான் தெரியும். இருவரும் அறிவது முழு உண்மையைத்தான், ஆனால் அறியும் விதத்தில் ஒருவன்தான் அதை முழுக்கப் பிடித்திருக்கிறான். அதுபோலப் பரலோகத்தில் காண்பவர்கள் காண்பது கடவுளின் ஒரு துண்டையல்ல, அவரையேதான்; ஆனாலும் அவரை யாரும் அளந்து முடிப்பதில்லை.

நாள் முழுக்கப் பாட்டு மட்டும்தானா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருக்கிறாய். உன் கேள்வியின் உண்மையான பயம் அதுதான் என்று நினைக்கிறேன். "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்று அதே வெளிப்படுத்தலில் இருக்கிறது. வேலையும் உண்டு. என்ன வேலை என்று சொல்லவில்லை.

கேள்வி: என் குழந்தை போய்விட்டாள். பரலோகத்தில் கடவுளை மட்டும்தான் பார்ப்போமா? அவளைப் பார்க்க மாட்டேனா?
(பெயர் வேண்டாம்)

பதில்: பார்ப்பாய் அம்மா. தாவீது தன் பிள்ளை இறந்தபோது, "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றான். தெசலோனிக்கேயில் இறந்தவர்களுக்காகக் கலங்கியவர்களுக்குப் பவுல் எழுதியபோதும், அவர்களோடேகூட என்று சேர்த்துத்தான் எழுதினார்.

கடவுள் ஒருவரே ஒரு ஆத்துமாவுக்குப் போதும், நண்பர்கள் கட்டாயமில்லை, இருந்தால் அந்த ஆனந்தத்துக்கு அழகு என்று அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். தத்துவமாக அதில் பிழை காண்பது கடினம். ஆனாலும் இழவு வீட்டில் அதை வாசிக்க நான் விடமாட்டேன். வெளிப்படுத்தின விசேஷம் காட்டும் பரலோகத்தில் தனியாக நிற்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. ஒருவரும் எண்ணக்கூடாத திரள் கூட்டம்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவளும் இருக்கிறாள்.

கேள்வி: இறந்து சில நிமிடம் கழித்துப் பிழைத்தவர்கள், கடவுளைப் பார்த்தோம் என்று வீடியோ போடுகிறார்கள். நம்பலாமா?
(ஒரு வாசகி)

பதில்: பவுல் மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்டதாக 2 கொரிந்தியர் 12இல் சொல்கிறார். அதையும், "ஒரு மனுஷனை அறிவேன்" என்று யாரோ ஒருவரைப் போல. அதுவும் பதினாலு வருஷம் கழித்து. அதுவும் வாக்குக்கெட்டாத வார்த்தைகளைக் கேட்டார் என்பதோடு நிறுத்திக்கொண்டு. பார்த்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சாவின் விளிம்பில் மனம் காண்பது பலவிதம். ஆனால் சிங்காசனத்தின் உயரம் முதல் வாசற்கதவின் நிறம்வரை விவரம் கூடக்கூட என் நம்பிக்கை குறைகிறது.

கேள்வி: என் ஆர்த்தடாக்ஸ் நண்பர், கடவுளின் சாராம்சத்தைப் பரலோகத்தில்கூட யாரும் காண முடியாது என்கிறார். நீங்கள் இதுவரை எழுதியதற்கு எதிராக இருக்கிறதே?
(ஒரு போதகர்)

பதில்: எதிர்தான், சகோதரரே. மழுப்ப வேண்டாம். 386 வாக்கில் அந்தியோகியாவில் கிறிசோஸ்தம் பிரசங்கித்தபோதே, தூதர்களுக்கும் கடவுளின் சாராம்சம் எட்டாது, சேராபீன்கள் முகத்தை மூடுவது அதனால்தான் என்றார். மேற்கிலோ, அதாவது ரோமைச் சார்ந்த சபையிலோ, சாராம்சத்தை யாரும் காணமாட்டார்கள் என்ற கருத்தைப் பாரிஸில் 1241இல் கண்டித்தே விட்டார்கள். ஒரே விசுவாசம், இரண்டு பாதை.

காலத்தைப் பாருங்கள். மேற்கே பெனடிக்டின் ஆணை 1336. அதே ஆண்டுகளில் கிழக்கே, ஆர்த்தடாக்ஸ் பக்கத்தில், கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையின் துறவிகள், மௌன ஜெபத்தில் மூழ்கியவர்கள், மறுரூப மலையில் சீஷர்கள் கண்ட அதே ஒளியைத் தாங்களும் காண்பதாகச் சொன்னார்கள். பர்லாம் என்ற தத்துவப் பண்டிதர், தலைகுனிந்து ஜெபிக்கும் அவர்களைத் தொப்புளில் ஆத்துமா உள்ளவர்கள் என்று கேலி செய்தார். துறவிகளுக்காக எழுந்தவர் கிரகோரி பாலமாஸ். கடவுளின் சாராம்சம் என்றைக்கும் எட்டாதது; ஆனால் அவருடைய செயலாற்றல்கள் அவரிடமிருந்து பிரிந்த வேறு பொருளல்ல, படைக்கப்பட்டவையும் அல்ல; அவற்றில் கடவுளே நம்மிடம் வருகிறார்; காண்பது அந்தப் படைக்கப்படாத ஒளியை. கான்ஸ்டாண்டிநோப்பிளில் 1341லும் 1351லும் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன.

எனக்குக் கேட்டால், இரண்டு பேருமே ஒரே இரு பயங்களுக்கு நடுவே நடக்கிறார்கள். கடவுளுக்குப் பதிலாக வேறெதையோ காட்டி நம்மை ஏமாற்றிவிடுவார்களோ என்பது மேற்கின் பயம். கடவுளை மனிதன் கைக்குள் அடக்கிவிடுவானோ என்பது கிழக்கின் பயம். அக்குவினாஸ், அளந்து முடிக்க முடியாது என்று சேர்த்துக்கொள்கிறார். பாலமாஸ், காண்பது கடவுளையேதான் என்று சேர்த்துக்கொள்கிறார். நண்பரோடு விவாதத்தைத் தொடருங்கள். சீர்திருத்தச் சபையாரான நாம் இதில் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டால், "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று பிலிப்புவுக்குக் கிடைத்த பதிலை நீட்டுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஓவன் போன்ற பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்தின் தீவிரச் சீர்திருத்தவாதிகள், அங்கேதான் நின்றார்கள்: பரலோகத்திலும் நாம் கடவுளைக் காண்பது கிறிஸ்துவின் முகத்தில். என் வாக்கும் அதற்குத்தான்.

கேள்வி: எல்லாரும் ஆசையோடு எழுதுவீர்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதே பயமாக இருக்கிறது. சொத்து விஷயத்தில் என் அண்ணனை ஏமாற்றினேன். அவர் உயிரோடு இருக்கிறார். பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். ஜெபத்தில் முழங்கால் போட்டால் அவர் முகம்தான் வருகிறது.
(ஒரு தம்பி)

பதில்: இந்தப் பயம் வேதாகமத்துக்குத் தெரியாததல்ல. சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கிறவருடைய முகத்துக்கு எங்களை மறைத்துக்கொள்ளுங்கள் என்று மலைகளைப் பார்த்துக் கெஞ்சுகிறவர்கள் வெளிப்படுத்தலில் உண்டு. ஏசாயாவே தரிசனம் கண்டதும் முதலில் சொன்னது, "ஐயோ! அதமானேன்." இருதய சுத்தம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்று மேலே குறைப்பட்டேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

அண்ணனை ஏமாற்றிய ஒரு தம்பியின் கதையை ஆதியாகமம் நமக்காக வைத்திருக்கிறது. 32ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இரவெல்லாம் போராடி, "தேவனை முகமுகமாய்க் கண்டேன், உயிர் தப்பிப் பிழைத்தேன்" என்று அந்த இடத்துக்குப் பெனியேல் என்று பெயரிடுகிறான். எல்லாரும் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். விடிந்ததும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நானூறு பேரோடு வருகிற அண்ணனை நோக்கி நொண்டிக்கொண்டே போகிறான். ஏழு தரம் தரைமட்டும் குனிகிறான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். அப்போது யாக்கோபு சொல்வதைக் கவனியுங்கள்: உம்முடைய முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோலிருக்கிறது. முந்தின இரவு தேவனுடைய முகத்தைக் கண்டவன் சொல்கிற வார்த்தை அது. ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தகுதி இருக்கிறது.

உங்கள் ஜெபத்தில் அண்ணன் முகம் வந்து தடுக்கிறது என்கிறீர்கள். அது தடை என்று எனக்குத் தோன்றவில்லை. போங்கள். கடிதம் வேண்டாம், ஆள் விட வேண்டாம். யாக்கோபும் முதலில் ஆட்களையும் ஆடுமாடுகளையும்தான் முன்னால் அனுப்பிப் பார்த்தான். கடைசியில் தானே நடக்க வேண்டியதாயிற்று. அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஏசாவைப் போல உங்கள் அண்ணன் ஓடிவருவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கதவைச் சாத்தவும் அவருக்கு உரிமை இருக்கிறது. சாத்தினால் கொண்டுபோனதைத் திரும்ப எடுத்து வராதீர்கள்.